பழைய பத்திரத்துல கொள்ளுப்பாட்டியைத் தேடுறது எப்படி: வெள்ளைக்காரன் காலத்துல கல்யாணமான பொண்ணுக்கு என்ன உரிமை இருந்துச்சு

எங்க அம்மா வழி கொள்ளுப்பாட்டியைப் பத்தி பங்காளி வீட்டுல இன்னைக்கும் ஒரு பேச்சு உண்டு, "காசிக்குப் போறேன்னு சொல்லி நல்ல நஞ்சை நிலத்தை வித்துத் தொலைச்ச கிழவி"ன்னு. சின்ன வயசுல நானும் அதைக் கேட்டு சிரிச்சிருக்கேன். பரண்ல இருந்த தகரப்பெட்டியை இறக்கி 1911-ஆம் வருஷத்து கிரயப் பத்திரத்தை எழுத்துக்கூட்டி படிச்சப்பதான் விஷயமே வேறன்னு புரிஞ்சுது. அது என்னன்னு கீழே வருது. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பெட்டி இருந்தா அதுல இருக்கற பொம்பளைங்களை எப்படி கண்டுபிடிச்சு படிக்கறதுன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். பெரும்பாலும் மெட்ராஸ் ராஜதானி கதை, புதுச்சேரியும் யாழ்ப்பாணமும் சட்டத்துல தனி உலகம்ங்கறதால அதுக்கு கடைசிப் பக்கம் கொஞ்சம் இடம் வச்சிருக்கேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "அந்தக் காலத்துல பொம்பளைக்கு சொத்துரிமையே கிடையாது"ன்னு ஒரு கூட்டம் சொல்லும், "எங்க பாட்டியெல்லாம் ராணி மாதிரி நிர்வாகம் பண்ணாங்க"ன்னு இன்னொரு கூட்டம் சொல்லும், ரெண்டையும் ஓரமா வச்சிட்டு பத்திரத்தைத் திறங்க. ஒரே பொம்பளைக்கு ஒரு நிலத்துல முழு உரிமையும், பக்கத்து நிலத்துல சாகறவரைக்கும் சாப்பிடற உரிமை மட்டும், மூணாவது நிலத்துல ஒண்ணுமே இல்லாமலும் இருந்திருக்கும். அந்த சொத்து எங்கிருந்து வந்துச்சு, புருஷன் அண்ணன் தம்பிகிட்ட பாகம் பிரிச்சுக்கிட்டவரா இல்லையா, குடும்பத்துக்கு எந்த சட்டம், இந்த மூணும்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு.

சரி, பத்திரம் கையில இருக்கு. முதல் நாலு வரியை விட்டுட்டு சொத்து விவரத்துக்குத் தாவாதீங்க, அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் பாரியாள் இன்ன அம்மாள், சிவமதம், சுகஜீவனம்"னு இருக்கும். பாரியாள், பெண்சாதி, சம்சாரம், மனைவி எல்லாம் ஒண்ணுதான், எழுதின ஆளோட பழக்கத்தைப் பொறுத்து மாறும். சுகஜீவனம்னு தொழில் இடத்துல போட்டிருந்தா சம்பளத்துக்கு வேலை செய்யாதவங்கன்னு அர்த்தம், விடியகாலைல எழுந்து முப்பது பேருக்கு சமைச்சவங்களுக்கும் அதேதான் போட்டிருப்பாங்க. இதுல முக்கியமா பாக்க வேண்டியது புருஷன் பேருக்கு முன்னாடி "காலஞ்சென்ற", "மரித்துப்போன"ன்னு இருக்கா, இல்ல "விதவை"ன்னு வருதா. இந்த ஒரு சொல்லுல பத்திரத்தோட அர்த்தமே மாறிடும்.

புருஷன் உயிரோட இருக்கும்போது பொண்டாட்டி பேர் பத்திரத்துல வர்றது குறைவு. நான் புரட்டினதுல பாதிக்கு மேல விதவைங்கதான். சட்டத்தோட கண்ணுக்கு அவங்க தெரிய ஆரம்பிச்சதே பெரும்பாலும் தாலி இறங்கின பிறகுதான்னு சொன்னா கொஞ்சம் கொடூரமா இருக்கும், ஆனா பெட்டி அதைத்தான் சொல்லுது.

அடுத்து தேதி. இங்கிலீஷ் வருஷம் கிழிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், தமிழ் வருஷமும் பசலியும் (ஜூலைல ஆரம்பிக்கற வரிக்கணக்கு வருஷம்) இருக்கும். பசலியோட 590 கூட்டினா இங்கிலீஷ் வருஷம் வந்துடும், பசலி 1317-ன்னா 1907 ஜூலைல இருந்து 1908 ஜூன் வரைக்கும். பிலவங்க வருஷம்னு இருந்தா அதுவும் 1907-08, ஒண்ணை வச்சு இன்னொண்ணை செக் பண்ணிக்கலாம். ஆனா தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும், அதனால முத்திரைத்தாள்ல இருக்கற தலை யாருன்னு பாத்துக்கோங்க, விக்டோரியாவா எட்வர்டா ஜார்ஜான்னு.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம்னா நடுவுல சட்டம் மாறிக்கிட்டே இருந்துச்சு. ஒரு பேப்பர்ல இந்த வருஷங்களை எழுதி பக்கத்துல வச்சுக்கோங்க. 1856, விதவை மறுமணச் சட்டம். 1929, பேத்திங்களுக்கும் சகோதரிக்கும் வாரிசு வரிசைல ஒரு இடம் கிடைச்ச வருஷம், வரிசைல ரொம்ப தள்ளித்தான், ஆனாலும் இடம். 1937 ஏப்ரல் 14, ஈஸ்வர வருஷப் பிறப்பை ஒட்டி, இந்து பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அப்புறம் 1956 ஜூன் 17, இந்து வாரிசுரிமைச் சட்டம். இது காலனி காலம் இல்லதான், ஆனா உங்க பாட்டி அந்த தேதில உயிரோட இருந்து சொத்து அவங்க அனுபவத்துல இருந்திருந்தா அதுவரைக்கும் ஆயுசுக்கு மட்டும்னு இருந்தது பெரும்பாலும் முழு உரிமையா மாறிடுச்சு, அதனால அந்த தேதியையும் விடாதீங்க.

இப்ப விதவை எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்துக்கு வருவோம். பெட்டில அதிகமா கிடைக்கறதும் இதுதான், தப்பா படிக்கப்படறதும் இதுதான்.

புருஷன் பாகம் பிரிச்சுக்கிட்டவரா இருந்து ஆண் பிள்ளை இல்லாம செத்துட்டா சொத்து பொண்டாட்டிக்கு வரும். சேர்ந்த குடும்பமா இருந்தா குடும்பச் சொத்துல அவர் பங்கு அண்ணன் தம்பிக்குப் போயிடும், அவளுக்கு ஜீவனாம்சம் மட்டும். ஆனா சேர்ந்த குடும்பத்துலயே அவர் சொந்தமா சம்பாதிச்ச சொத்து இருந்தா? அதுக்கு பதில் சொன்ன வழக்கு நம்ம சிவகங்கை ஜமீன் வழக்குதான். கட்டம நாச்சியார் லண்டன் பிரிவி கவுன்சில் (அப்போ நம்ம ஊருக்கு கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டு) வரைக்கும் போய் 1863-ல ஜெயிச்சாங்க, குடும்பம் பிரியலைன்னாலும் சுயார்ஜிதச் சொத்து பங்காளிக்குப் போகாது, விதவைக்கும் அவளுக்கு அப்புறம் மகளுக்கும்னு. மிதாக்ஷரம்ங்கற இந்து சட்ட முறை நடந்த ஊருக்கெல்லாம் அதுதான் வழிகாட்டி ஆச்சு. ஜமீன் வீட்டுப் பொம்பளைங்க கோர்ட்டுக்குப் போனதால சாதாரண வீட்டுப் பொம்பளைங்களுக்கும் வழி கிடைச்ச விஷயம் இது ஒண்ணு மட்டும் இல்ல. ராமநாதபுரம் வழக்குல 1868-ல, புருஷன் அனுமதி எழுதி வைக்காம செத்திருந்தாலும் அவரோட சபிண்டர்கள் (நெருங்கின பங்காளிங்க) சம்மதத்தோட விதவை சுவீகாரம், அதாவது தத்து எடுக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு, தென்னாட்டுக்கு மட்டும். உங்க பெட்டில சுவீகாரப் பத்திரம் இருந்தா அதுல ஏன் பங்காளிங்க வரிசையா கையெழுத்து போட்டிருக்காங்கன்னு இப்ப புரியும்.

சொத்து வந்துச்சு, ஆனா எப்படி வந்துச்சு? ஆயுசு வரைக்கும் விளைச்சல் அவளோடது, வீட்டுல இருக்கலாம், வாடகை வாங்கலாம், ஆனா விக்கணும்னா சட்டம் ஒத்துக்கற அவசியம் இருக்கணும். இல்லாட்டி அவ காலத்துக்கு அப்புறம் பின்னாடி வர்ற வாரிசு கேஸ் போட்டு நிலத்தைத் திரும்ப வாங்கிடுவான். கோர்ட்ல இவங்களை ரிவர்ஷனர்னு சொல்லுவாங்க. வாங்குற ஆளுக்கு இது பெரிய பயம். ஏன்னா உண்மையிலேயே அவசியம் இருந்துச்சு, நான் விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன்னு நிரூபிக்க வேண்டியது அவன் பொறுப்பு. அதனால என்ன ஆச்சுன்னா ஒவ்வொரு விதவை பத்திரத்துலயும் காரணத்தை வரிசையா எழுத ஆரம்பிச்சாங்க: புருஷன் வாங்கின கடன், அவர் உத்தரகிரியை செலவு, பொண்ணு கல்யாணம், சர்க்கார் கிஸ்தி (நிலவரி) பாக்கி, வழக்குச் செலவு, அப்புறம் புருஷனோட ஆத்மா கரையேற காசி, கயா, ராமேஸ்வரம். புருஷனோட நன்மைக்குன்னு செய்யற யாத்திரைக்கு சொத்துல ஒரு சின்ன பாகத்தை விக்கறதை கோர்ட்டு ஒத்துக்கும். அவளுக்கு நல்ல புடவை வாங்கணும், பொறந்த வீட்டுத் தம்பிக்கு உதவணும்ங்கறதெல்லாம் அவசியம் ஆகாது. அதனால அதெல்லாம் பத்திரத்துல வராது, இருந்திருந்தாலும் காசின்னுதான் எழுதுவாங்க.

எங்க வீட்டுப் பத்திரத்தைப் பாருங்க. மொத்தம் 450 ரூபாய். அதுல 300 ரூபாய் கொள்ளுத்தாத்தா ப்ரோநோட்டு எழுதி வாங்கின கடன், வட்டியோட, வாங்குறவரே நேரா கடன்காரருக்குக் கட்டிடறதா பற்று. 100 ரூபாய் பொண்ணு கல்யாணத்துக்கு, அந்தப் பொண்ணுதான் என் பாட்டி. காசிக்கு 50 ரூபாய். ஆகமொத்தம் நிலம் போனது தாத்தாவோட கடனுக்கு, பேர் கெட்டது பாட்டிக்கு. இதுல இன்னொரு கூத்து, கடைசிப் பக்கத்துல "இதற்கு சம்மதி"ன்னு ஒரு கையெழுத்து இருக்கு, யாருதுன்னு பாத்தா இன்னைக்கு அந்தக் கதையைச் சொல்ற பங்காளி வீட்டோட கொள்ளுத்தாத்தா. ரிவர்ஷனர் சம்மதம் இருந்தா அவசியம் உண்மைன்னு கோர்ட்டு நம்பறதுக்கு சாட்சியா இருக்கும், அதனால வாங்குறவர் அவரையும் கூப்பிட்டு கையெழுத்து வாங்கியிருக்கார். அந்தக் கையெழுத்து சும்மா வந்திருக்காதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது என் புத்தி.

ஆக விதவை பத்திரம் கிடைச்சா செய்ய வேண்டியது இதுதான், தொகையைப் பிரிச்சு கூட்டுங்க. எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு கல்யாணத்துக்கு, எவ்வளவு அவ கைக்கு ரொக்கமா வந்துச்சு. பத்திரத்தோட பின்பக்கம் சப் ரிஜிஸ்ட்ரார் எழுதின குறிப்பு இருக்கும், பணம் அவர் முன்னாடி கொடுத்திருந்தா அதையும் எழுதியிருப்பார். கைநாட்டா, கையெழுத்தா, யார் வந்து "இவங்களை எனக்குத் தெரியும்"னு சொன்னாங்கன்னும் இருக்கும். கோஷா பொம்பளைங்களா இருந்தா அதிகாரி வீட்டுக்கே போய் பதிவு பண்ணின விவரம் இருக்கும். அந்த மாதிரி உள்ளேயே இருக்கற பொம்பளைங்க எழுதிக்கொடுத்த பத்திரத்தை கோர்ட்டு ரொம்ப சந்தேகமா பாக்கும், வாசிச்சுக் காட்டினாங்களா, அவளுக்கு புரிஞ்சுதா, வேற யாராவது யோசனை சொன்னாங்களான்னு கேக்கும். "வாசிக்கக் கேட்டு சம்மதித்து"ன்னு எழுதியிருக்கறது வெறும் அலங்காரம் இல்ல.

புருஷன் உயிரோட இருக்கும்போதே பொண்டாட்டி பேருல ஒரு கிரயம் இருந்தா உடனே சந்தோஷப்படாதீங்க. அது ரெண்டு விதமா இருக்கலாம். ஒண்ணு நிஜமாவே அவளோட சீதனப் பணத்துல வாங்கினது. இன்னொண்ணு பினாமி. இங்கிலாந்துல புருஷன் காசு போட்டு பொண்டாட்டி பேருல வாங்கினா அது அவளுக்குக் கொடுத்ததுன்னு கோர்ட்டு எடுத்துக்கும், இங்க பிரிவி கவுன்சில் அப்படி எடுத்துக்கலை, காசு யார் போட்டாங்களோ சொத்து அவங்களோடதுன்னு வச்சுக்கிட்டாங்க. கடன்காரன் வர்றதுக்கு முன்னாடி அவசரமா பொண்டாட்டி பேருக்கு மாத்தின சொத்தும் நிறைய. கண்டுபிடிக்க வழி? பணம் எங்கிருந்து வந்ததுன்னு பத்திரம் சொல்லுதா பாருங்க, "என் தகப்பனார் எனக்குக் கொடுத்த ஸ்ரீதனத் தொகையிலிருந்து"ன்னு இருந்தா நல்ல அறிகுறி. அப்புறம் பட்டா யார் பேருல, கிஸ்தி ரசீது யார் பேருல, பின்னாடி அதை அடமானம் வச்சது யாரு. அடமானம் புருஷன் மட்டும் எழுதியிருந்தா பாட்டி வெறும் பேருக்குத்தான்.

சீதனம்னு நாம இன்னைக்கு சொல்றதுக்கும் அப்போ சட்டத்துல ஸ்ரீதனம்னு சொன்னதுக்கும் வித்தியாசம் இருக்கு, இதைக் குழப்பிக்காதீங்க. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கற வரதட்சணை ஸ்ரீதனம் ஆகாது. அவளுக்குன்னு அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, புருஷன், சொந்தக்காரங்க அன்பா கொடுத்தது ஸ்ரீதனம், அதை அவ இஷ்டப்படி விக்கலாம், யாருக்கு வேணா எழுதலாம், புருஷனைக் கேக்கவேண்டியதில்லை (புருஷனே கொடுத்த நிலம்னா கொஞ்சம் சிக்கல், எழுதின வாசகத்தைப் பாக்கணும்). அந்நியர் கொடுத்தது, அவளே நெய்து பின்னி சம்பாதிச்சது இதெல்லாமும் அவளோடதுதான், ஆனா புருஷன் இருக்கறவரைக்கும் அதை விக்கறதுக்கு அவன் சம்மதம் வேணும். அதாவது தம்பி ஆசையா கொடுத்ததுக்கு முழு சுதந்திரம், தானே உழைச்சு சம்பாதிச்சதுக்கு புருஷன் சம்மதம். இதை யோசிச்சா எனக்கு இன்னமும் தலை சுத்தும். ஸ்ரீதனம் பெரும்பாலும் பொண்ணுங்களுக்குத்தான் முதல்ல போகும், அதனால அம்மா வழியா பாட்டி, பாட்டியோட அம்மான்னு போகற ஒரு துண்டு நிலம் இருந்தா அதை விடாம பிடிச்சுக்கிட்டு மேல போங்க. மஞ்சக்காணின்னு எழுதியிருக்கற நிலம் பொண்ணுக்கு கல்யாணத்துல கொடுத்தது, பேர் வச்சே கண்டுபிடிக்கலாம்.

வாசகத்தை எப்படி பாக்கறதுன்னா ரெண்டு சொல்தொடர் மனப்பாடம் பண்ணிக்கோங்க. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திரமாய்"னு நீட்டி முழக்கியிருந்தா முழு உரிமை, விக்கலாம், தானம் கொடுக்கலாம். "ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, யாதொரு பராதீனமும் செய்யாமல்"னு இருந்தா சாகறவரைக்கும் மட்டும். பராதீனம்னா விக்கறது, அடமானம் வைக்கறது, வேற கைக்கு மாத்தறது எல்லாம். இந்த ஒரு வார்த்தை மேல நம்ம ஊர் கோர்ட்டுங்க எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்குன்னு கணக்கே இல்ல.

ஜீவனாம்சப் பத்திரம் சின்னதா இருக்கும், ஆனா மனசைப் பிசையும். வருஷத்துக்கு இத்தனை கலம் நெல்லு, இத்தனை ரூபாய், ரெண்டு புடவை, கூடத்துக்குப் பக்கத்துல ஒரு அறைன்னு எழுதியிருப்பாங்க. புருஷன் கைவிட்ட பொண்ணு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போனா 1898 கிரிமினல் நடைமுறைச் சட்டப்படி மாசம் 50 ரூபாய்க்கு மேல கேக்க முடியாது, 1923-ல அதை 100 ஆக்கினாங்க. ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டான்ங்கற காரணத்துக்காக மட்டும் இந்து பொண்டாட்டி தனியா இருந்து ஜீவனாம்சம் கேக்கலாம்னு சட்டத்துலயே எழுதினது 1946-லதான், வெள்ளைக்காரன் மூட்டை கட்டறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.

ரெண்டாம் கல்யாணத்துக்கு அப்போ தடை இல்லாததாலதான் பத்திரத்துல "மூத்த பாரியாள்", "இளைய பாரியாள்"னு ரெண்டு பேரையும் சேர்த்துப் பாப்பீங்க. ரெண்டு விதவையும் சேர்ந்து ஒரே சொத்தை அனுபவிப்பாங்க, ஒருத்தி செத்தா மிச்சம் இருக்கறவளுக்கு. ஒருத்தி மட்டும் கையெழுத்து போட்டு முழுசா வித்திருந்தா அங்க ஒரு கேஸ் இருக்கும், தேடுங்க, ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுப்புல உங்க ஊர் பேர் கூட கிடைக்கலாம்.

1937 சட்டத்துக்கு அப்புறம் நிலைமை மாறுச்சு, சேர்ந்த குடும்பத்து விதவைக்கும் புருஷன் பங்கு வந்துச்சு, பாகம் பிரிச்சுக் கொடுன்னு கேக்கற உரிமையோட. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை. விவசாய நிலம் மாகாண விஷயம், அதுக்கு இந்தச் சட்டம் செல்லாதுன்னு ஃபெடரல் கோர்ட் 1941-ல சொல்லிடுச்சு. ஊர்ல இருக்கற சொத்தே நிலம்தானேங்க. மெட்ராஸ்ல நிலத்துக்கும் சேர்த்து சட்டம் வந்தது 1947-ல. அதனால 1937-க்கும் 1947-க்கும் நடுவுல வீட்டுல விதவைக்கு பங்கும் வயல்ல வெறும் ஜீவனாம்சமும் எழுதின பாகப்பத்திரம் பாத்தா எழுத்தர் குழம்பிட்டார்னு நினைக்காதீங்க, அவர் சட்டம் தெரிஞ்ச ஆளு.

மறுமணம் பண்ணிக்கிட்ட விதவையைத் தேடுறீங்கன்னா ஒரு பத்திரத்துல அவ பேர் திடீர்னு காணாமப் போகும். 1856 சட்டம் மறுமணத்தை செல்லும்னு ஆக்குச்சு, அதே சட்டத்தோட ரெண்டாவது பிரிவு முதல் புருஷன் சொத்துல அவ செத்துப்போனதா கணக்கு வச்சுக்குச்சு. அறுத்துக்கட்டற (விதவை மறுபடி கல்யாணம் பண்ணிக்கற) வழக்கம் காலங்காலமா இருந்த சாதியிலயும் சொத்து போயிடும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லுச்சு, அலகாபாத் ஹைகோர்ட் அப்படி இல்லன்னு சொல்லுச்சு. ஒரே ராஜ்ஜியம், ரெண்டு நியாயம்.

வயசு விஷயத்தையும் கவனிங்க. "மைனர் இன்னாள், அவளுக்குக் கார்டியன் புருஷன் இன்னார்"னு இருந்தா அதிர்ச்சி ஆகாதீங்க, 1930 ஏப்ரல்ல சாரதா சட்டம் அமலுக்கு வந்தப்பகூட பொண்ணுக்கு வயசு 14 தான் வச்சாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மாதிரி ஆளுங்க அதுக்கே எவ்வளவு போராட வேண்டியிருந்துச்சு. சின்ன வயசுல கட்டி வச்ச புருஷனோட வாழமாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு பம்பாய் ருக்மாபாய் வழக்கைப் படிங்க, புருஷன்கிட்ட போ இல்லன்னா ஆறு மாசம் ஜெயில்னு 1887-ல ஹைகோர்ட் சொல்லுச்சு, அந்தம்மா ஜெயிலுக்குப் போறேன்னாங்க. கடைசில 1888-ல பணம் கொடுத்து சமாதானமாகி லண்டனுக்குப் போய் டாக்டர் ஆனாங்க. வாழ மறுத்த பொண்டாட்டியை ஜெயில்ல போடற அந்த விதியை எடுத்தது 1923-ல. நம்ம பாட்டிங்க பத்திரத்துல "நான் அவரோட வாழ இஷ்டப்படாமல்"னு எல்லாம் எழுத முடியாது. "மனஸ்தாபத்தினால் தனித்து ஜீவித்து வருவதால்"னுதான் வரும், அந்த மனஸ்தாபம்ங்கற சொல்லை நிறுத்தி படிங்க.

கிறிஸ்தவக் குடும்பமா இருந்தா மேல சொன்னது பாதி பொருந்தாது. 1865 வாரிசுரிமைச் சட்டம், கல்யாணத்தால ஒருத்தர் சொத்து இன்னொருத்தருக்குப் போகாதுன்னு வச்சுது. இங்கிலாந்துல பொண்டாட்டி சொத்தெல்லாம் புருஷன் கைக்குப் போய்க்கிட்டு இருந்த காலம் அது, அங்க 1882-லதான் முழுசா மாறுச்சு. 1874-ல கல்யாணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்து அவ சம்பளமும் அவளோடதுன்னுச்சு, இந்து முஸ்லிம் பொண்ணுங்களை விட்டுட்டு. ஆனா விவாகரத்துல 1869 சட்டம் புருஷனுக்கு ஒரு அளவு பொண்டாட்டிக்கு ஒரு அளவு, அவன் கள்ள உறவுன்னு நிரூபிச்சா போதும், அவ அதோட கொடுமையோ கைவிட்டதோ ஏதாவது சேர்த்து நிரூபிக்கணும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி கிடைச்சா அதையும் பாருங்க, புருஷன் பொண்டாட்டி நன்மைக்குன்னு எடுத்த பாலிசி கடன்காரன் கைக்குப் போகாதுங்கற அந்த 1874 சட்டத்து ஆறாவது பிரிவு மெட்ராஸ்ல மட்டும் 1913 டிசம்பர் 31-க்கு அப்புறம் எடுத்த இந்து முஸ்லிம் பாலிசிக்கும் பொருந்துச்சு, மத்த மாகாணத்துக்கெல்லாம் 1923-லதான். இன்னைக்கும் ஏஜென்ட்டுங்க எம்.டபிள்யூ.பி. (மேரீட் விமன்ஸ் ப்ராபர்ட்டி) பாலிசின்னு சொல்றது அதேதான்.

முஸ்லிம் வீடுன்னா மஹர் (கல்யாணத்துல புருஷன் பொண்டாட்டிக்குத் தர ஒத்துக்கிட்ட தொகை) பாக்கிக்காக புருஷன் எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தேடுங்க, புருஷன் பொண்டாட்டிக்கு கடன்பட்டு நிக்கற இடம் அது. அவங்க பொறந்த வீட்டுப் பங்கும் அவங்க பேருலயே நிக்கும்.

புதுச்சேரி, காரைக்கால் காரங்க கவனத்துக்கு. இந்துக்களுக்கு அவங்க வழக்கமே சட்டம்னு 1819-லயே பிரெஞ்சுக்காரன் ஒத்துக்கிட்டான். 1881-ல ஆணை வந்து, இஷ்டப்பட்டவங்க சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம்னாங்க, இவங்களைத்தான் ரெனோன்சான்னு சொல்றோம். சமத்துவம் வேணும்னு மாறினவங்க, ஆனா அந்த நெப்போலியன் சட்டத்துல பொண்டாட்டி புருஷன் அதிகாரம் கொடுக்காம சொத்து விக்கவும் முடியாது வாங்கவும் முடியாது, பிரான்ஸ்லயே 1938-லதான் அதை நீக்கினாங்க. அதனால புதுச்சேரி நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதிவு பண்ற நோட்டரி) பத்திரத்துல புருஷன் அதிகாரம் கொடுத்ததா ஒரு வரி இருந்தா அந்தக் குடும்பம் பிரெஞ்சு சட்டத்துக்குக் கீழ இருந்திருக்கலாம், அதை வச்சு மேல தேடுங்க.

யாழ்ப்பாணத்துக்கு தேசவழமைங்கற வழக்கச் சட்டம், ஒல்லாந்தர் 1707-ல தொகுத்தது. அங்க முதுசம் (பரம்பரையா வந்தது), சீதனம் (கல்யாணத்துல பொண்ணுக்குக் கொடுத்தது), தேடிய தேட்டம் (கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்சது)னு மூணு பிரிவு, உறுதியில (அங்க பத்திரத்துக்கு அதுதான் பேர்) எந்தச் சொல் இருக்குன்னு பாத்தாலே சொத்து எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுடும், நம்ம பத்திரத்தை விட சுலபம். 1911 கட்டளைச் சட்டப்படி சீதனக் காணி அவளோடதுதான், ஆனா அதை விக்கணும்னா புருஷன் எழுத்துல சம்மதம் தரணும், தரலைன்னா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகணும். உறுதியில புருஷன் கையெழுத்து இருக்கறதைப் பாத்து காணி அவனோடதுன்னு முடிவு கட்டாதீங்க.

வீட்டுல பத்திரம் இல்லன்னா? ரிஜிஸ்ட்ரேஷன் 1865 வாக்குல ஆரம்பிச்சது, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல முதல் புத்தகம்தான் நிலம் வீடு சம்பந்தப்பட்டது, அதை யார் வேணா மனு போட்டு ஃபீஸ் கட்டி பாக்கலாம், நகல் வாங்கலாம். மூணாவது புத்தகத்துல உயிலும் சுவீகார அதிகாரப் பத்திரமும், எழுதினவர் செத்த பிறகு யார் வேணா நகல் கேக்கலாம். ஆன்லைன் வில்லங்கத்தை நம்பி உக்காராதீங்க, பழைய வருஷத்துக்கு நேர்ல போய் கையால தேடச் சொல்லணும். பேர் வச்சு தேடறதுக்கு ஒரு இண்டெக்ஸ், சொத்து வச்சு தேடறதுக்கு ஒரு இண்டெக்ஸ் இருக்கு. பொம்பளைன்னா சொத்து இண்டெக்ஸ்தான் கைகொடுக்கும், ஏன்னா பேர்ல "அம்மாள்", "ஆச்சி", "அம்மணி"ன்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பாங்க. நான் ஒரு ஆபீஸ்ல மூணு நாள் அலைஞ்சு கிடைக்கலைன்னு திரும்பி வந்தேன், கடைசில பாத்தா பாட்டி பேர் புருஷன் பேருக்குக் கீழ "வகையறா"ல இருந்துச்சு. 100 ரூபாய்க்கு குறைஞ்ச கிரயத்தைப் பதிவு பண்ண வேண்டிய கட்டாயம் இல்ல, அதனால பத்திரத்துல விலை 99 ரூபாய்னு இருந்தா சிரிச்சுக்கிட்டே வீட்டுப் பெட்டியை இன்னொரு தடவை கிளறுங்க. சர்வே செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர் சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்துல கிடைக்கும், அதுல பட்டாதாரர் பேர் வரிசைல எத்தனை பொம்பளைங்கன்னு எண்ணிப் பாருங்க. 1921-ல மெட்ராஸ் பொம்பளைங்களுக்கு ஓட்டு கொடுத்துச்சு, ஆனா ஆம்பளைக்கு வச்ச அதே சொத்துத் தகுதியோட, அந்த ரிஜிஸ்டரைப் பாத்தா அது எத்தனை பேருக்குப் போய் சேர்ந்திருக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

இதையெல்லாம் வச்சு இப்ப கேஸ் போடலாமான்னு கேட்டா நல்ல சிவில் வக்கீல்கிட்ட போங்க, நான் சொல்றது படிக்கறதுக்கு மட்டும். பத்திரத்தை லாமினேட் பண்ணாதீங்க, மடிப்புல செலோடேப் ஒட்டாதீங்க, வெயில் படாத வெளிச்சத்துல முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் போட்டோ எடுங்க. அதுக்கும் முன்னாடி வீட்டுல இருக்கற வயசான அத்தையையோ சித்தியையோ உக்கார வச்சு பாட்டியைக் கூப்பிட்ட பேர் என்ன, பொறந்த ஊர் எதுன்னு கேட்டு எழுதிக்கோங்க. எங்க கொள்ளுப்பாட்டிக்கு பத்திரத்துல ஒரு பேர், வீட்டுல கூப்பிட்டது வேற பேர். அந்த வீட்டுப் பேரைத்தான் பூஜை அலமாரில இருக்கற காசிச் சொம்பு மேல ஆணியால கீறி வச்சிருக்காங்க, சொம்பு இன்னும் ஈயம் வச்ச மூடியைத் திறக்காம அப்படியே இருக்கு.